அடர்த்தி பொய் சொல்லாது

மேசையில் ஏழெட்டு போன்களைப் பரப்பி, ஒவ்வொரு திரையிலும் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். காலையில் வந்ததும் இதுதான். பக்கத்து மேசைக்காரனான நான் வைத்த வணக்கம் இன்னும் அந்தரத்தில் தொங்குகிறது.

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'புள்ளி'. பெரிய புள்ளி என்று நினைத்துவிடாதீர்கள். ஓர் அங்குலத் திரையில் எத்தனை புள்ளிகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன என்பதுதான் அவருக்கு உலகம். அதற்கு அடர்த்தி என்று பெயர். எங்கள் செயலி முதலில் போனிடம் அடர்த்தியைக் கேட்கும். பதிலுக்கேற்ப எழுத்து, படம், பொத்தான் எல்லாம் அளவு மாறும். பேருந்தில் பக்கத்தில் இருப்பவரின் போனை எட்டிப் பார்த்து, "உங்களுது அடர்த்தி கம்மிங்க" என்று சொல்லி முறைப்பு வாங்கிக்கொண்டு வருகிற ஆள்.

இப்போதைய செயலி ஒரு மருத்துவமனைக்கு. சிறுநீரகம் பழுதாகி ரத்தச் சுத்திகரிப்புக்கு வருகிறவர்கள் முந்தின நாளே 'வருகிறேன்' பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் முறை அடுத்தவருக்குப் போய்விடும். புள்ளியின் அக்காவும் அந்த நோயாளிகளில் ஒருவர்.

இன்று அக்கா அழைத்தார். இவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"பொத்தானே இல்லடா. தள்ளித் தள்ளிப் பார்த்துட்டேன், நகரவே மாட்டேங்குது."

"இருக்கும்க்கா. புது போன் வாங்கினியா?"

"மாமாவோட பழைய போன்தான்டா."

"இல்லையே, இங்க எனக்கு வர்ற பதிவுல உன் போன் காட்டுற அடர்த்தி ரொம்ப அதிகம். அடர்த்தி பொய் சொல்லாது."

"அப்ப நான் சொல்றேனா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கண்ணு தெரியலன்னு திரையில எல்லாத்தையும் பெருசு பண்ணி வச்சிருக்காங்களான்னு கேளுங்க சார்" என்றேன். அப்படி வைத்தால் போன் சொல்லும் அடர்த்தியும் ஏறிவிடும். படம் ஊதிப்போய்ப் பொத்தானைத் திரைக்கு வெளியே தள்ளிவிடும். இதைப் போன மாதமே தலைபாடாக அடித்துக்கொண்டேன். காதில் போட்டுக்கொண்டால்தானே.

அக்கா பெரிதாக்கித்தான் வைத்திருந்தார். மனிதர் அதற்கும் அசரவில்லை.

"பழையபடி சின்னதாக்குக்கா, வந்துரும்."

"சின்னதாக்கினா எழுத்தே தெரியலையேடா. இன்னிக்கு முறை போச்சு. காலெல்லாம் வீங்கிக் கிடக்கு. நாளைக்கும் போயிடுமா?"

 

புள்ளி தன் சொந்த போனை எடுத்து மேசையில் வைத்தார். திரையில் எல்லாவற்றையும் ஆகப் பெரிதாக்கினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, செயலியைத் திறந்து, பொத்தானைத் தேடிக் கட்டைவிரலைக் கீழே கீழே நகர்த்திக்கொண்டே போனார். விரல் திரையைத் தாண்டி, வெறும் மேசையை அழுத்தியது.