மேல்வீட்டு நடிகர் விட்ட வரி

பெரியவர்களின் முகத்துக்கு நேரே பிழை சொல்லக்கூடாது என்று பழக்கிய வீடு எங்களுடையது. அந்த நல்ல பழக்கத்தால் ஒரு மனிதர் மேடையை விட்டே போனார் என்று சொன்னால் அம்மா இப்போதும் நம்பமாட்டார்.

அப்போது எனக்குப் பத்து வயது. ஈஸ்ட் ஹாமில் எங்களுக்கு மேல்வீட்டில் ஐரிஷ் அங்கிள் இருந்தார். இருபது வயதில் நடிக்கவென்றே கப்பலேறி லண்டன் வந்தவர். ஐம்பது வருசமாக மேடையில் வேலைக்காரன், பாதிரியார், முதல் காட்சியிலேயே செத்துப்போகும் சித்தப்பா. கடைசியாகக் கிடைத்தது, முக்கிய நடிகருக்குச் சுகமில்லாத நாளில் மட்டும் மேடையேறும் பதில் ஆள் வேலை. அதுவும் என்ன வேடம்! மகளிடம் மன்னிப்புக் கேட்கும் தகப்பன். மரக்கறிக்கடை அண்ணை வரைக்கும் சொல்லிச் சந்தோசப்பட்டார்.

வசனம் பாடமாக்க அவருக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் புத்தகத்தோடு மாடிப்படியில் இருப்பேன், அவர் நின்று சொல்லுவார். ஒரு சொல் தவறினாலும் நிறுத்து என்பதுதான் அவர் போட்ட சட்டம். நானும் வாத்தியார் கணக்கில் நிறுத்தினேன். ஒருநாள் ஒரே பக்கத்தில் ஆறு தரம் நிறுத்த, அவர் முகம் சுருங்கிப்போனது. குசினியில் சமைத்தபடி எல்லாவற்றையும் கேட்ட அம்மா அன்றைக்கு என்னைப் பிடித்துக்கொண்டார்.

"வயசு போன மனுசனை இப்பிடியே பிழை பிழை எண்டுறது? பாவமெல்லே."

"அவர்தானே அம்மா சொல்லச் சொன்னவர்."

"சொல்லுவினம். நாங்கள்தான் பாத்து நடக்கோணும்."

மறுநாளிலிருந்து நான் பார்த்து நடந்தேன். கடைசிப் பேச்சின் முடிவில், "கதவைப் பூட்டியது நான்தான்" என்று ஒரு வரி. அதை அவர் தினமும் விட்டுவிடுவார். நான் மூச்சுக் காட்டாமல் பக்கத்தைத் திருப்புவேன். ஒரு பிழையும் இல்லையா என்று கேட்பார். இல்லை என்பேன். அவர் சிரிப்பதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஒரு சனிக்கிழமை முக்கிய நடிகருக்குக் காய்ச்சல் வந்தது. அங்கிள் எனக்கும் அப்பாவுக்கும் முன்வரிசை டிக்கெட் தந்தார். நன்றாகத்தான் நடித்தார். கடைசிப் பேச்சு முடிந்தது, மகளாக நடித்தவள் அசையவில்லை. அவள் அந்த வரிக்காகக் காத்து நின்றாள். எல்லாம் சொல்லிவிட்டதாக நினைத்து அவர் அவளுக்காகக் காத்து நின்றார். பின்னால் யாரோ இருமினார்கள். என்ன தவறியது என்று முன்வரிசையில் எனக்கு மட்டும் தெரியும். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் அந்த வரியை எடுத்துக் கொடுத்தது. அதற்குள் மகளோடு பேசவேண்டிய மிச்ச வசனமும் அவருக்கு மறந்துபோனது.

அடுத்த நாள் படியிறங்கி வந்தவருக்கு அம்மா தேத்தண்ணி கொடுத்தார்.

"வீட்டில் ஒருநாளும் தவறவில்லை, உங்கள் மகளே சாட்சி. மேடையில் ஏறினால்தான் போய்விடுகிறது. இனி எனக்கு மேடை சரிவராது" என்று சொல்லி என்னைப் பார்த்தார்.

நான் தலையாட்டினேன். அவர் என் தலையைத் தடவி, நல்ல பிள்ளை என்றார். அம்மாவின் முகத்திலும் திருப்தி தெரிந்தது.

அதன்பிறகு அவர் எந்த மேடையிலும் ஏறவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் அவருக்கு நொந்திருக்கும் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். விட்டுப்போன ஒரு வரியைப் பாடமாக்க அவருக்கு ஒரு பின்னேரம் போதும் என்பது எனக்கு விளங்கவில்லை.