பதினாறாம் நாள் பேனா

இழவு விழுந்த துட்டி வீட்டில் பேனாவைக் கண்டால் எனக்கு ஆகாது. எண்ணெய், அரப்பு, வாழையிலை... எல்லாம் சரி. பேனா எதற்கு?

போன வாரம் தென்காசியில் என் சித்தப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம். அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் செண்பகம். புருஷன் போனபிறகு அப்பாவோடு அந்த வீட்டிலேயே இருந்து, ஆறு வருஷம் அவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவள். இளையவன் குமரேசன், மதுரையில் வேலை. பொங்கலுக்கு வருவான், கரும்பைக் கடித்துவிட்டுப் போவான்.

அவன் மேல் எனக்கு முதலிலிருந்தே சந்தேகம். மறுநாள் எலும்பு பொறுக்கும் காடாத்து முடிந்து சுடுகாட்டிலிருந்து வந்த கையோடு பீரோ சாவியை எடுத்து இடுப்பில் சொருகினான். நான் பார்த்தேன். அப்புறம் வேளாவேளைக்கு, "யக்கா, சாப்ட்டியா?" ஆறு வருஷமாகக் கேட்காதவனுக்குத் திடீரென்று அக்கா வயிறு மேல் என்ன அக்கறை?

எங்கள் பக்கம் பதினாறாம் நாள் உருமால் கட்டு உண்டு. மாமன்மார் எல்லாரும் மகன் தலையில் துண்டால் தலைப்பாகை கட்டிவிடுவார்கள். 'இனி இந்த வீட்டுக்கு நீதான் பொறுப்பு' என்று அர்த்தம். நம் பையன்களுக்குப் பாதிதான் காதில் விழும். 'இந்த வீடு உனக்கு' என்று எடுத்துக்கொள்வார்கள்.

குமரேசனுக்கும் கட்டினார்கள். கட்டிய தலைப்பாகையை அவிழ்க்கவில்லை, அதற்குள் பை திறந்தது. ஒரு கட்டுத் தாள். ஒரு பேனா.

"யக்கா, வாரிசு சான்றிதழுக்கு. சும்மா ஒரு கையெழுத்து."

'சும்மா'... இழவு வீட்டில் இதைவிட ஆபத்தான வார்த்தை உண்டா? உயில், பட்டா, வில்லங்கம் என்று எத்தனையோ சொல் இருக்கட்டும். சும்மாதான் எனக்குப் பயம்.

செண்பகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். சொந்தக்காரர்கள் சாம்பாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தாங்கவில்லை.

"ஏலே குமரேசா! வாரிசு சான்றுக்கு முத்திரைத்தாள் எதுக்குலே?"

"அது... ஆபீஸ்ல கேட்டாங்கண்ணே."

"எந்த ஆபீஸ்ல? கொண்டா இங்கன."

பிடுங்கிப் படித்தேன். முதல் பக்கம் முழுக்கச் சித்தப்பா பெருமை. இரண்டாம் பக்கம் அக்கா தம்பிப் பாசம். மூன்றாம் பக்கத்தில் இருந்தது விஷயம். வீட்டிலும் குற்றாலம் ரோட்டுத் தோப்பிலும் செண்பகத்துக்கு இனி எந்தப் பாத்தியதையும் கிடையாதாம், அவளே மனமுவந்து எழுதிக் கொடுக்கிறாளாம். விடுதலைப் பத்திரம்! இதில் கையெழுத்துப் போட்டு, ரிஜிஸ்தர் ஆபீசில் போய் ரேகையும் வைத்தால், இருக்கிற வீட்டிலேயே அவள் விருந்தாளி. தம்பி எப்போது போகச் சொன்னாலும் போகவேண்டியதுதான்.

சத்தமாக வாசித்தேன். சாம்பார் பேச்சு நின்றது. செண்பகம் பேனாவை மூடிக் கீழே வைத்தாள்.

"நான் எங்கலே போவேன்?" என்று மட்டும் தம்பியிடம் கேட்டாள்.

அவன் உருமாலை அவிழ்த்து மடித்துக்கொண்டே இருந்தான்.

"ஏட்டி, கூடப்பிறந்தவனே நீட்டினாலும் படிக்காமக் கையெழுத்துப் போடாத. சொல்லிட்டேன்," என்றேன். எனக்கு ஏகப்பட்ட மரியாதை. யாரோ எனக்கு இரண்டாவது பாயசம் ஊற்றினார்கள். நானும் குடித்தேன்.

சாயங்காலம், காரியத்துக்கு வந்திருந்த என் தங்கை வள்ளியைச் சுரண்டை பஸ் ஏற்றிவிடப் போனேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஒரே குடையில் நின்றோம்.

"நம்ம அப்பா பதினாறுக்கு நீயும் ஒரு பேப்பர் நீட்டினேல்லாண்ணே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அது... வேற வள்ளி."

"என்ன வேற? அன்னைக்கு நீயும் வாரிசு சான்றுன்னுதான் சொன்ன."

சொன்னேன். பொய் என்றுகூட அப்போது தோன்றவில்லை. எல்லா வீட்டிலும் நடப்பதுதானே என்று நினைத்தேன். அவளுக்குத்தான் நகை போட்டாயிற்றே, சுரண்டையில் வீடு இருக்கிறதே... ஆண்பிள்ளைக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

"நீ படிக்காமப் போட்டுட்டியே," என்றேன். எவ்வளவு கேவலமான பதில்!

"யார் சொன்னா? மூணு பக்கமும் படிச்சேன். போடலேன்னா அம்மாவப் பாக்க வாரப்பல்லாம் உன் மூஞ்சி எப்படி இருக்கும்னு நெனச்சேன். போட்டுட்டேன்."

பஸ் வந்தது. ஏறி, ஜன்னல் வழியாக, "தலையைத் துவட்டுண்ணே, சளி பிடிச்சிரப் போவுது," என்றாள். வெட்கத்தில் எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மூன்று நாள் தூக்கம் சரியில்லை. இதை எழுதுகிற அறையும் வள்ளி கையெழுத்துப் போட்ட மூன்றாம் பக்கத்தில்தான் இருக்கிறது. நேற்று பத்திரம் எழுதுகிறவரைப் பார்த்து, வீட்டில் சரிபாதியை வள்ளி பெயருக்கு எழுதச் சொல்லிவிட்டு அவளுக்குப் போன் போட்டேன்.

"வள்ளி, வெள்ளிக்கிழமை ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வந்துரு. நல்ல விஷயம்தான். சும்மா ஒரு கையெழுத்து."

"பேப்பரை மொதல்ல வாட்ஸப்ல அனுப்புண்ணே. செண்பகக்காவும் நானும் படிச்சுப் பாத்துட்டு வாரோம்."