ஜப்பான் அக்காவின் டிசம்பர் விடுமுறை

கார்த்திகை தீபம் நெருங்கினால் எங்கள் மாடி அறைக்கு ஒரு ஜப்பான் அக்கா வந்துவிடுவார். கல்யாணமானவர், கணவர் அங்கேயே இருந்துவிடுவார். இவர் டிசம்பர் முழுக்க எங்களோடுதான். என்ன பக்தி பாருங்கள் என்று தெருவே மெச்சும். போன வருஷம் வரை நானும் மெச்சினேன்.

போன வருஷம் அவரே விஷயத்தைப் போட்டு உடைத்தார். ஜப்பானில் ஒரு பெரிய மளிகைக் கடையில் அவருக்குப் பகுதி நேர வேலை. மனைவியின் வருஷச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் கணவரின் மருத்துவக் காப்பீட்டில் அவருக்கு இடம் கிடையாதாம். தனியாகப் பணம் கட்ட வேண்டும். அதனால் வருஷக் கடைசியில் வேலையை நிறுத்திவிடுவார். கடையில் கூட்டம் அலைமோதும் மாதத்தில் இவரைப் போன்ற மனைவிமார் பலரும் வீட்டில் இருப்பார்களாம்.

"தீபம் பிடிக்கும். வேலையும் பிடிக்கும்" என்றார், கற்றுக்கொண்ட தமிழில். கடையில் முழு நேரத்துக்குக் கூப்பிட்டும் மறுத்துவிட்டாராம்.

"வீட்டுக்காரர் வேணாம்னாரா?"

"இல்ல. யாரும் சொல்லல. நானே."

எனக்குச் சுருக்கென்றது. செங்கம் ரோட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நான் அரை நாள் வேலை பார்த்துவந்தேன். முழு நாளும் வந்து பொறுப்பை ஏற்கச் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். முடியாது என்று சொல்லத்தான் இருந்தேன். வீட்டில் யாரையும் கேட்கக்கூட இல்லை. நானேதான்.

அன்று சாப்பிடும்போது, முழு நாள் வேலைக்குப் போகப்போகிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"அரை நாளே போதும்ல? வீட்ட யாரு பாத்துக்கறது?"

"ரெண்டு பேருந்தான். சாயந்திரம் பசங்கள ட்யூஷனுக்கு நீங்க கூட்டிட்டுப் போங்க."

"எனக்குக் கடையில வேல ஜாஸ்தி."

"இனிமே எனக்கும் ஜாஸ்திதான்."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். திங்கட்கிழமை போய்ச் சரி என்று சொன்னேன். முதல் மாதம் சாம்பார் தீய்ந்தது, துணி மலையாகக் குவிந்தது, மாமியார் என்னிடம் பேசவில்லை. ட்யூஷனுக்கு மட்டும் வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

இந்த டிசம்பரிலும் அக்கா வந்திருக்கிறார். முழு நேரத்துக்கு மறுபடி கேட்டார்களாம், மறுபடி மறுத்துவிட்டாராம். எனக்குக் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. காலையில் நான் அவசரமாகக் கிளம்பும்போது மாடிப்படியில் நின்றுகொண்டு கேட்டார்.

"நீங்க சந்தோஷமா?"

"அலுப்பா இருக்குக்கா. ஆனா விடமாட்டேன்" என்றேன்.