துண்டுக்குள் முதல் நம்பர்

இப்போது கல்லூரிகளுக்கு நம்பர் போட்டுப் பத்திரிகையில் அச்சடிக்கிறார்கள். எழுபதுகளில் எங்கள் வீட்டில் அதைத் துண்டுக்குள் போட்டார்கள்.

என் சித்தப்பா மாட்டுத் தரகர். சந்தையில் விற்கிறவர் கையும் வாங்குகிறவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். விலையை வாய் சொல்லாது, விரல்தான் சொல்லும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. அது பத்தா நூறா என்பது பிடித்த இருவருக்கு மட்டும் தெரியும். சுற்றி நிற்பவர்கள் முகத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

பி.யூ.சி.யில் நான் எப்படியோ நல்ல மார்க் வாங்கிவிட்டேன். அந்தத் தப்பை அதற்குப் பிறகு செய்யவில்லை. அரியலூரில் ஒரு கல்லூரி, திருச்சியில் ஒன்று, சென்னையில் ஒன்று என மூன்றிலும் இடம் கிடைத்தது. தா.பழூர்ப் பக்கத்து வயலைத் தவிர வேறெதையும் அதிகம் பார்க்காத அப்பா, மாடு பிடிக்கச் சேலம், மதுரை என்று சுற்றிய தம்பியிடம் யோசனை கேட்டார்.

"அண்ணே, மாடு வாங்கறப்ப என்னா கேப்போம்? எங்கேருந்து ஓட்டியாந்தேன்னு கேப்போம். தூரத்துலேருந்து நடந்து வந்த மாடுன்னா காலு கெட்டி. காலேஜும் அப்பிடித்தான். அரியலூருக்கு ஒரு பஸ்ஸு. திருச்சிக்கு ரெண்டு பஸ்ஸு. மெட்ராஸுக்கு ரயிலே ஏறணும். அப்ப எது பெருசு, நீயே சொல்லு."

சொல்லிவிட்டு, தோளில் கிடந்த துண்டை அப்பாவின் கைமேல் போட்டார். உள்ளே ஏதோ நடந்தது. நான் எதிரே கன்றுக்குட்டி போல நின்றுகொண்டிருந்தேன்.

"மெட்ராஸுதான்டா ஒண்ணாம் நம்பரு" என்றார் அப்பா, தானே கண்டுபிடித்தவர் மாதிரி.

மாட்டுக்காவது சுழி பார்ப்பார்கள், பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். எனக்கு அதுவும் இல்லை.

கல்லூரியைக் குறை சொல்ல மாட்டேன். சித்தப்பாவின் அளவுகோல்தான் கோணல், விடை சரி. கட்டடம் பெரிது, நூலகம் பெரிது, எங்கள் நிலவியல் பேராசிரியர் ஒரு கூழாங்கல்லை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவார், கொட்டாவி வராது. ஆனால் அந்த ஒரு மணி நேரம் முடிந்த பிறகு மிச்ச நாளை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. விடுதியில் எல்லோரும் இங்கிலீஷில் சிரித்தார்கள். நான் அரை நொடி தாமதமாகச் சிரிப்பேன், அதனால் என்னைப் பார்த்து இன்னொரு முறை சிரிப்பார்கள். சாப்பாட்டு மேஜையில் என் பக்கத்து இருக்கையில் எப்போதும் தண்ணீர்ச் சொம்புதான். சென்னையில் யாருமே என்னிடம் பேசவில்லை என்று சொன்னால் பாவம். பஸ்ஸில் தினமும் "தள்ளி நில்லுப்பா" என்று பேசினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எழும்பூர் போய்ப் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு, அரியலூர் வழியாக வரும் ரயிலுக்குக் காத்திருப்பேன். யாரையும் கூப்பிட அல்ல, சும்மா எங்கள் ஊர்ச் சாடையில் ஒரு முகம் இறங்குகிறதா என்று பார்க்கத்தான். ஒருநாள் மஞ்சள் பையோடு இறங்கிய ஒருவரிடம் ஓடிப்போய், "அரியலூருங்களா?" என்றேன். அவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வேகமாக நடந்துவிட்டார். என் முகத்தில் ஊர்க்களை போய்த் திருட்டுக்களை வந்துவிட்டது போலும்.

லீவில் ஊருக்குப் போனால், "காலேஜு எப்பிடிடா?" என்று டீக்கடையே கேட்கும். "ஒண்ணாம் நம்பரு" என்பேன். பக்கத்தில் அப்பா டீயை ஆற்றிக்கொண்டே காதை நீட்டியிருப்பார். அந்தக் காதுக்கு எதிராக வேறு பதில் சொல்ல வாய் வராது.

இரண்டாம் ஆண்டில் பேராசிரியர் எங்களைக் களப்பயணம் கூட்டிப் போனார். எங்கே? அரியலூருக்கு! ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்ததாம். அதன் சிப்பிகள் கல்லாகிக் கிடக்கின்றனவாம். உலகத்திலேயே பார்க்க வேண்டிய இடமாம். அதைப் படிக்கத்தான் நான் அரியலூரை விட்டு ரயிலேறிப் போயிருக்கிறேன்.

வருகிறேன் என்று வீட்டுக்குக் கார்டு போட்டேன். மனசுக்குள் ஒரு முடிவும் எடுத்திருந்தேன். வீட்டிலிருந்து யார் வந்தாலும் சொல்லிவிடுவது: "என்னால முடியல, இப்பிடியே வூட்டுக்கு வந்துடறேன்." பெட்டி பின்னால் வரட்டும்.

அறுவடை என்று அப்பா வரவில்லை. சித்தப்பா வந்தார், புளிச்சோற்றுத் தூக்கோடு. ஊருக்கு வெளியே ஓடைக்குள் குனிந்து கிடந்த எங்கள் வகுப்பைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"ஏன்டா, என்னாத்த தொலைச்சீங்க?"

"சிப்பிக்கல்லு, சித்தப்பா. பல கோடி வருசத்துது."

"இதுவா? சந்தைக்கு வர்றப்ப வண்டிச் சக்கரத்துக்கு முட்டுக் குடுப்பமே, அது! இதப் பாக்கவா மெட்ராஸ் போன?"

வகுப்பு மொத்தமும் பார்த்தது. அத்தனை பேர் முன்னால் வீட்டுக்கு வருகிறேன் என்று எப்படிச் சொல்வது? குனிந்து இன்னொரு கல்லைப் பொறுக்கினேன். சித்தப்பா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், விலை படியாத மாட்டைப் பார்ப்பது போல. பிறகு துண்டை எடுத்து என் கைமேல் போட்டார். உள்ளே என் ஆள்காட்டி விரலைப் பிடித்தார். ஒண்ணாம் நம்பர்தானே, என்று கேட்கிறார்.

நான் விரலை உருவிக்கொண்டு, அவருடைய ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தேன்.

"அஞ்சாம் நம்பரா!" என்றார் திடுக்கிட்டு.

நான் விடவில்லை. எந்தப் பேரத்திலும் ஒரு கையை அவ்வளவு நேரம் பிடிக்க மாட்டார்கள். அவருக்கும் அது மெல்லப் புரிந்தது. குரலைத் தாழ்த்தினார். "அண்ணன்ட்ட நான் பேசட்டுமாடா? எங்கிட்டதான் தப்பு. தூரத்த மட்டும் பாத்துட்டேன்."

அதற்குள் பேராசிரியர் ஒரு கல்லைத் தூக்கிப் பிடித்து எல்லோரையும் கூப்பிட்டார். சிப்பியின் ஓட்டில் வருடாவருடம் அது வளர்ந்த கோடுகள் தெரிகின்றனவாம். எனக்கு அதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அப்பாவின் காதும் ஞாபகம் வந்தது. வீட்டுக்கும் போக வேண்டும். அந்தக் கோடுகளையும் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்துப் பிடிக்கத் துண்டுக்குள் ஒரு விரல் கிடையாது. அவருடைய விரல்களில் நாலை விட்டுவிட்டு, ஒன்றை மட்டும் பிடித்தேன்.

சித்தப்பா என்னைப் பார்த்தார். பொய் விலை எது என்று தெரியாத தரகரா அவர்?

"சரி, முடிஞ்சுது!" என்று ஓடைக்கே கேட்கும்படி சொன்னார். "எங்க பய காலேஜு ஒண்ணாம் நம்பருதான் சார்!" துண்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளாமல் என் தோளில் போட்டுவிட்டு, சந்தைப் பக்கம் நடந்தார்.

விடுதியில் அதைக் கட்டில் தலைமாட்டில் தொங்கவிட்டேன். மாட்டு வாசனை அறை முழுக்க நிறைந்தது. இரண்டு வருடமாக என்னோடு ஒரே அறையில் இருந்தவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, முதல்முறையாக என்னிடம் ஒரு முழு வாக்கியம் பேசினான்.

"தயவுசெஞ்சு அந்தத் துண்டைத் துவைச்சுடேன்பா."

நான் துவைக்கவில்லை.