கறுப்பு வண்டிக்குக் கொடுத்த ஆசி

கஸக் நாட்டுக் கரகண்டா நகரத்தில் புது வண்டி வாங்க நினைக்கிறவர்கள் கடைக்குப் போகும் முன்பே ரௌஷானிடம் போவார்கள். கடைக்காரன் வாயால் ஓட்டாத வண்டி கிடையாது, ரௌஷான்தான் கண்ணால் பார்த்துச் சொல்வாள் என்று ஊரில் ஒரு நம்பிக்கை.

ஐம்பத்து நான்கு வயது. இருபத்திரண்டு வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தின் பஸ் கொட்டகையில் வேலை பார்த்தவள். விடியற்காலையில் தொழிலாளிகளை ஏற்றப் போகும் ஒவ்வொரு பஸ்ஸையும் சுற்றிவந்து பார்த்து, போகலாம் என்று கையெழுத்துப் போடவேண்டும். கெஞ்சிய டிரைவர்களும் உண்டு, மிரட்டியவர்களும் உண்டு. அவள் எதற்கும் மசிந்ததில்லை. கொட்டகையை மூடியபிறகு, பழகின கண்ணை என்ன செய்வது என்று தெரியாமல் நாத்தனாருக்கு ஒரு கார் பார்த்துக் கொடுத்தாள். நாத்தனார் வாய் சும்மா இருக்குமா? இப்போது வாரத்துக்கு இரண்டு மூன்று குடும்பங்கள் வந்துவிடுகின்றன. கடைக்காரனிடமும் காசு வாங்கமாட்டாள், வாங்குபவனிடமும் வாங்கமாட்டாள். குளிர்காலத்துக்குக் குதிரை வெட்டும்போது யாராவது ஒரு துண்டு இறைச்சி அனுப்பினால் மறுக்கமாட்டாள், அவ்வளவுதான்.

அவள் ஒப்பிடுகிற முறையே தனி. பழைய தார்ப்பாயில் அரைக் குதிரையின் அளவுக்கு வெட்டின ஒரு துண்டு வைத்திருக்கிறாள். அதை வண்டியின் பின்பக்கம் விரித்துப் பார்ப்பாள். கிராமத்திலிருந்து பங்குக் கறியை மடங்காமல் கொண்டுவர முடியாத வண்டி நம் ஜனங்களுக்கு எதற்கு என்பது அவள் கட்சி. தொட்டில் நீளத்துக்கு ஒரு குச்சியும் உண்டு. அப்புறம் மொத்தக் குடும்பத்தையும், கல்யாணத்துக்குப் போகும்போது எப்படி உட்காருவார்களோ அப்படியே ஏற்றி உட்காரவைப்பாள். பெரியவர் முன்னால், மகன் ஓட்ட, மற்றவர்கள் பின்னால். கடைசியில் ஆண்களை டீ குடிக்க அனுப்பிவிட்டுப் பெண்களிடம் தனியாகக் கேட்பாள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கண்டிப்பான விதி. அவள் சொல்லி முடிக்கும்வரை எந்தப் பெரியவரும் உள்ளங்கையை விரித்து வண்டிக்கு ஆசி சொல்லக்கூடாது. பெரியவர் வாயிலிருந்து வந்த ஆசியைத் திருப்பி எடுக்க முடியாது. ஆசி விழுந்த வண்டியை வேண்டாம் என்று விட்டுவந்தால் பெரியவர் முகத்தில் உமிழ்ந்த மாதிரி.

அந்த அக்டோபர் காலையில் அவள் ஏறிய பஸ் இருபது நிமிஷம் தாமதம். ஊரெல்லையில் இருந்த பெரிய விற்பனைக் கூடத்துக்குள் நுழைந்தபோது அவளை வரச்சொல்லியிருந்த பெரியவர் ஒரால்பெக், ஆசி சொல்லி முடித்தவர்கள் செய்வதுபோல, இரண்டு கையாலும் முகத்தைத் தடவி இறக்கிக்கொண்டிருந்தார். எதிரே உயரமான கறுப்பு எஸ்யூவி. ஆசி முடிந்துவிட்டது. பக்கத்தில் நின்ற விற்பனைக்காரன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். ரௌஷானுக்கு அவனை அறையலாம் போலிருந்தது.

ஒரால்பெக் வேற்று மனிதரில்லை, அவளுடைய அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஸ்டெப்பிப் புல்வெளியில் குதிரை வளர்க்கிறவர். வண்டிக்காகப் பதினாலு குதிரைகளை விற்றிருந்தார். அதுவும் ஆடம்பரத்துக்கில்லை. மகன் தௌலெத்தின் மனைவி ஷோல்பானுக்குச் சிறுநீரகம் பழுதாகி நான்கு வருஷமாகிறது. வாரத்துக்கு மூன்று நாள் நகரத்து ஆஸ்பத்திரிக்கு வந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். பனிக்காலத்தில் பெரியவரின் கிழட்டு ஜீப் எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. போன வருஷம் ஒருமுறை வழியிலேயே நின்று, ஒரு நாள் சிகிச்சை தவறி, அவள் பிழைத்ததே பெரிய பாடாகிவிட்டது. மருமகளுக்காகக் குதிரையை விற்கிற மாமனார் எத்தனை பேர் இருக்கிறார்கள்? ரௌஷானுக்கு அவர்மேல் மரியாதை உண்டு. அதனால்தான் சங்கடம்.

ஆசி ஆனது ஆகட்டும், பார்த்துவிடலாம் என்று அவள் வேலையைத் தொடங்கினாள். கறுப்பு வண்டி, ஒரு வெள்ளை பிக்கப், மூலையில் யாரும் திரும்பிப் பார்க்காமல் நின்ற தாழ்வான சாம்பல் நிற வேன் மாதிரி ஒன்று. பிக்கப் சீக்கிரமே கழிந்தது. அரைக் குதிரையென்ன, முழுக் குதிரையே படுக்கும், ஆனால் பின்சீட்டின் முதுகு சுவர்போல நேராக நின்றது. கறுப்பு வண்டியின் எஞ்சினைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாற்பது டிகிரி குளிரிலும் கிளம்பும், பனிமேட்டிலும் ஏறும். சாம்பல் வண்டியும் கிளம்பும், நாலு சக்கரமும் இழுக்கும், சூடு பின்சீட்டுவரை வரும், சீட்டை மடக்கினால் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். என்ன, அழகில்லை. ரொட்டி கொண்டுபோகிற வண்டி மாதிரி இருக்கும்.

ஆண்களை டீக்கு அனுப்பிவிட்டு ஷோல்பானை ஒவ்வொன்றிலும் ஏறச் சொன்னாள். முப்பத்தாறு வயதுப் பெண், தலையில் துணி, பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. மூன்று வண்டியிலும் ஏறி இறங்கினாள். மூன்றுக்கும் ஒரே பதில், நன்றாக இருக்கிறது.

ரௌஷானுக்கு அந்தப் பதில் தெரியும். முப்பது வருஷத்துக்கு முன்னால், வயிற்றில் ஏழு மாதத்தோடு, மாமனாரின் ஜீப்பில் பின்பலகையில் தூக்கித் தூக்கிப் போட உட்கார்ந்திருந்தபோது அவளும் அதையேதான் சொன்னாள். அந்தக் குழந்தை தங்கவில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நம் வீடுகளில் மருமகளுக்கு வாய் இருந்தால் அவள் பிழைப்புத்தான் போய்விடும்.

அதனால் அவள் பதிலைக் கேட்காமல் கையைப் பார்த்தாள். கறுப்பு வண்டியின் படி முழங்காலுக்கு மேலே இருந்தது. ஷோல்பான் இடது கையால் கம்பியைப் பிடித்துத் தன்னை மேலே இழுத்துக்கொண்டாள். ஊசி ஏற்றுகிற கை அதுதான். பாரம் தூக்கக்கூடாது, இழுக்கக்கூடாது என்று டாக்டர்கள் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிற கை. அந்த நரம்பு கெட்டால் வேறு நரம்பு தேட வேண்டும், அதுவும் கெட்டால் தேட இடமிருக்காது. சிகிச்சை முடிந்து தலை சுற்றுகிற நேரத்தில், வாரத்துக்கு மூன்று தடவை, இந்தப் படி.

ஆண்கள் திரும்பி வந்ததும் ரௌஷான் தன் தீர்ப்பைச் சொன்னாள். சாம்பல் வண்டி. ஒரால்பெக் அதைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை.

"பதினாலு குதிரைய வித்துட்டு என்னைக் கோழிக்கூண்டுல ஏறி ஊருக்குப் போகச் சொல்றியா?"

அவருக்கு எஸ்யூவியின் மேல் ஆசை என்பது பாதிதான். மீதிப் பாதி ஆசி. அதை அவர் வாய்விட்டும் சொன்னார். கை விரித்துச் சொன்னதை இந்த வயதில் மாற்றினால் நாளைக்குக் குழந்தைக்குப் பேர் வைக்க யார் கூப்பிடுவார்கள் என்று கேட்டார். தௌலெத் தரையைப் பார்த்தான். அப்பா முன்னால் வாய் திறக்கிற பழக்கம் அவனுக்கும் இல்லை. விற்பனைக்காரன் காகிதங்களை எடுத்துவரப் போய்விட்டான்.

ரௌஷானுக்கு ஒரு வழி இருந்தது. கஸக் ஜனங்களில் தாய்மாமனிடம் சகோதரி பிள்ளைக்கு ஓர் உரிமை உண்டு. வாழ்நாளில் மூன்று முறை எதை வேண்டுமானாலும் கேட்கலாம், மாமன் இல்லையென்று சொல்லக்கூடாது. சகோதரி பிள்ளையை அடித்தவன் கை நடுங்கும் என்று பழமொழியே இருக்கிறது. ரௌஷான் ஏழு வயதில் ஒரு வேட்டை நாய்க்குட்டி கேட்டாள். கல்யாணத்தின்போது ஒரு பழுப்புப் பெண்குதிரை. மூன்றாவதைத் தன் மகளுக்கென்று பத்திரமாக வைத்திருந்தாள். மகள் வேலை பார்க்கிற தூரத்து நகரத்தில் ஒரால்பெக்குக்குப் பூட்டிக் கிடக்கிற ஒரு சின்ன வீடு இருந்தது. வரும் வசந்தத்தில் மகள் கல்யாணம், அதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று கணவனிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். இங்கே அதைச் செலவழித்தால் வீடு போனது. பூட்டின வீடு எங்கேயும் ஓடிப்போகாது, இன்னொரு நாள் கேட்கலாம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. மூன்றுக்கு மேல் நாலு கிடையாது.

"மாமா, எனக்கு உங்ககிட்ட மூணாவது பாக்கி இருக்கு," என்றாள்.

ஒரால்பெக் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இங்க வச்சா கேக்குற? சரி, கேளு."

"அந்தக் கறுப்பு வண்டிக்குக் குடுத்தீங்களே, அந்த ஆசிய எனக்குக் குடுங்க."

இப்படி ஒன்றை யாரும் கேட்டதாக யாருக்கும் நினைவில்லை. ஆடு கேட்பார்கள், குதிரை கேட்பார்கள், துப்பாக்கி கேட்டவர்கள்கூட உண்டு. ஒரால்பெக் தாடியைத் தடவினார். கொடுக்க முடியாது என்று சொல்லவும் வழியில்லை, திருப்பி எடுத்தேன் என்றும் ஆகவில்லை. கொடுத்த பொருள் மாமனிடமிருந்து பிள்ளைக்குப் போகிறது, அவ்வளவுதானே. மெதுவாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"பஸ் கொட்டகையில உன்னை எதுக்கு வச்சிருந்தாங்கன்னு இப்பத் தெரியுது. வீட்டைக் கேப்பேன்னு உங்க மாமி பயந்துட்டிருந்தா."

"மாமிய நிம்மதியாத் தூங்கச் சொல்லுங்க," என்றாள் ரௌஷான்.

அவர் உள்ளங்கைகளை விரித்தார். வழி வெள்ளையாக, நல்லதாக இருக்கட்டும், சக்கரம் சறுக்காதிருக்கட்டும், போனவர்கள் முழுசாகத் திரும்பட்டும் என்று கறுப்பு வண்டிக்குச் சொன்னதை எல்லாம் ஒன்று விடாமல் ரௌஷானின் தலைக்குச் சொன்னார். எல்லாரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். அப்போதும் அவர் சாம்பல் வண்டிப் பக்கம் போகவில்லை. மருமகளிடம் திரும்பினார்.

"இவ என்னமோ சொல்றா. நீ சொல்லும்மா. கறுப்புல உனக்கு என்ன கஷ்டம்?"

ஷோல்பான் ரௌஷானைப் பார்த்தாள். ரௌஷான் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டு நின்றாள். தன்னிடம் இருந்ததை அவள் கொடுத்தாகிவிட்டது. இனி அந்தப் பெண் வாயிலிருந்து வரவேண்டியதை வேறு யாரும் சொல்ல முடியாது. தௌலெத் தலையைத் தூக்கினான். ஷோல்பான் இடது கையை வலது கையால் பொத்திக்கொண்டாள்.

"எனக்கு ஏற முடியல மாமா."

"இதென்ன புதுசா இருக்கு? நாலு வருஷமா என் ஜீப்புல ஏறி எறங்கிட்டுத்தானே இருந்த? அதுவும் இதே உசரந்தானே?"

"அப்பவும் முடியல."

அவள் குரல் சின்னதாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கூடத்தில் அத்தனை பேருக்கும் கேட்டது. ஒரால்பெக் அவள் பொத்தியிருந்த கையைப் பார்த்தார். அப்புறம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மூலையில் நின்ற சாம்பல் வண்டிக்கு நடந்துபோய் அதன் முன்கதவைத் திறந்து, மருமகள் வரும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.