டப் என்று வெடித்த டெஸ்ட் ஷாட்

லேசர் அறையில் "டப்" என்று சத்தம் கேட்டால் யாரும் முதலில் மெஷினைத்தான் சந்தேகப்படுவார்கள். நானும் அப்படித்தான். கண்ணாடியைக் கழற்றாமலே, ஃபுட் ஸ்விட்சிலிருந்த டாக்டரின் காலைத் தட்டிவிட்டேன். மாரீஸ்வரியின் கன்னத்தில் கடுகளவு கருகியிருந்தது. கூடவே ஒரு வாசனை. விருதுநகர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, தீபாவளிக் காலை வாசனை.

இங்கே ஒரு தோல் கிளினிக்கில் இருபத்திரண்டு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு மெஷினைக் காட்டுவதற்கு முன் இதைத்தான் சொல்வேன்.

மாரீஸ்வரி சிவகாசிப் பக்கத்துப் பெண். கல்யாணத்துக்கு ஆறு மாதம் இருக்கும்போது அவளுடைய அம்மா அழைத்து வந்தார். "பருதான் மேடம். கிள்ளிக் கிள்ளிக் கெடுத்து வச்சிருக்கா. மாப்பிள வீடு காரியாபட்டி. மொகத்துல இம்புட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?"

கன்னத்தில் பருக் குழிகள் நிஜமாகவே இருந்தன. நடுவே கரும்புள்ளிகளும் இருந்தன. எங்கள் கேஸ் ஷீட் மெஷின் கம்பெனி கொடுத்தது. கடற்கரையில் வெயில் காய்ந்தீர்களா, நீச்சல் குளத்துக்குப் போனீர்களா என்றெல்லாம் இருக்கும். விருதுநகரில் உட்கார்ந்துகொண்டு அவ்வளவையும் கேட்டு, "இல்லை" என்று டிக் அடித்தேன். தொழில் என்ற இடத்தில், "வீட்டுலதான் இருக்கா" என்றார் அம்மா. அதையும் அப்படியே எழுதினேன். பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முகம் முழுக்க அடிப்பதற்கு முன், ஒரே ஒரு கரும்புள்ளியில் அடித்துப் பார்க்கும் டெஸ்ட் ஷாட். அதுதான் வெடித்தது.

அம்மாவை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டேன். மாரீஸ்வரி அழுதுவிட்டாள். "யாருகிட்டயும் சொல்லிராதீக அக்கா. வீட்டுக்குப் பின்னால பட்டாசு செட்டுல வெடிக்குத் திரி செருகையில வெடிச்சிருச்சு. லைசென்ஸ் இல்லாத எடம். பயந்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கே போகல. பட்டாசு வேல பாக்குற பொண்ணு வேண்டாம்னு மாப்பிள வீட்டுல மொதல்லயே சொல்லிட்டாக. தெரிஞ்சா கல்யாணம் நின்னுபோகும்."

அந்தப் புள்ளிகள் தோலுக்குள் தங்கிவிட்ட வெடிமருந்து. லேசர் சூடு பட்டதும் பற்றிக்கொண்டது. டெஸ்ட் ஷாட் வைக்காமல் முகம் முழுக்க அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவள் மறைத்தாள் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கேட்காதது நான்.

டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, புள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். அதெல்லாம் ஆறிய பிறகுதான் குழிகளுக்கு லேசர். நான் கேஸ் ஷீட்டின் அடியில் ஒரு கேள்வியைச் சேர்த்தேன்: முகத்துக்கு நேரே எப்போதாவது ஏதாவது வெடித்திருக்கிறதா? கம்பெனி ஆள் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒரு கேள்வியா மேடம்?" என்று சிரித்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு தாடிக்காரர் வந்தார். தாடியை விலக்கித் தாடையைக் காட்டினார். "பரு வடு மேடம். கல்யாணத்துக்கு ஷேவ் பண்ணியாகணும்."

புதுக் கேள்வியைக் கேட்டேன். அவர் கதவைப் பார்த்துக்கொண்டார்.

"தீவாளிக்கு வெடிக்காத வெடியெல்லாம் பிரிச்சு, மருந்தக் கொட்டிப் பத்த வச்சேன். பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சா, இம்புட்டுக் கூறுகெட்டவனான்னு நெனப்பாக. சொல்லிராதீக."

போகும்போது பத்திரிகை வைத்தார். பிரித்துப் பார்த்தேன். காரியாபட்டி மாப்பிள்ளை, மணமகள் மாரீஸ்வரி. மாரீஸ்வரி கொடுத்த அதே பத்திரிகை முந்தின வாரமே என் மேஜை டிராயரில் வந்து கிடந்தது. அன்றிலிருந்து அவளுக்குச் செவ்வாய், அவருக்கு வெள்ளி என்று அப்பாயின்ட்மென்ட் போட்டேன்.

கல்யாணத்துக்குப் போயிருந்தேன். இரண்டு முகமும் பளிச்சென்று இருந்தன. மாரீஸ்வரியின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்பிள மொகத்தப் பாத்தீகளா மேடம்? ஒரு பரு கெடையாது! நம்ம பிள்ளதான் என்னமோ..." என்று இழுத்தார். மேடையிலிருந்த இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சாப்பாடு எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கூட வந்தவரை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள். கேட்டதைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். பந்தியில் இலையை மட்டும் பாருங்கள்.