மலை அங்கிளுக்கு ஓர் அழைப்பு

எங்கள் அப்பாவுக்குத் தொலைபேசி எதற்கு, ஜன்னலைத் திறந்துவிட்டாலே யாழ்ப்பாணத்துக்குக் கேட்கும் என்று அம்மா சொல்வார். கனடாவில், டோர்செட் பார்க்கில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியில், ஊரிலிருந்த பெரியப்பாவுக்குச் சலரோகச் சீனி ஏறியதும் இறங்கியதும் மேல்வீட்டுக்காரருக்கும் கீழ்வீட்டுக்காரருக்கும் அத்துப்படி. அப்பா எடுத்தவுடன் ஹலோ சொல்லமாட்டார். "கனடா! கனடாவில இருந்து!" என்று கத்துவார். அதற்குக் காரணம் உண்டு. அவர் இங்கே வந்த காலத்தில் ஊரில் வீட்டுக்கு வீடு தொலைபேசி கிடையாது. சந்திக் கடையில்தான் ஒன்று இருந்தது. கனடா என்ற சொல் காதில் விழுந்தால் கடைக்காரர் உடனே சைக்கிளில் ஆள் அனுப்பி வீட்டுக்காரரைக் கூட்டிவருவார். கொழும்பு என்றால், பிறகு எடுங்கோ என்று வைத்துவிடுவார். பின்னர் எல்லார் கைக்கும் போன் வந்துவிட்டது, அப்பாவின் கத்தல் மட்டும் போகவில்லை. "நுணலும் தன் வாயால் கெடுமாம்" என்று அம்மா குசினிக்குள் இருந்து சொல்வார். அப்பா சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

எனக்குப் பத்து வயதானபோது எதிர்க்கதவுக்கு மெக்சிகோவிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. தோமாஸ் அங்கிள், அவருடைய மனைவி, என் வயதில் லூசியா, ஒரு கைக்குழந்தை. அகதி வழக்குப் போட்டுவிட்டு விசாரணைக்குக் காத்திருந்தார்கள். அப்படிக் காத்திருப்பவர்கள் மேல் அப்பாவுக்குத் தனிப் பிரியம். தன்னுடைய வழக்கில் வென்றவர் அல்லவா? வந்த சூட்டோடு தோமாஸ் அங்கிளைப் பிறம்ரனில் தான் வேலை செய்த வெயர்ஹவுஸில் சேர்த்துவிட்டார். காலையில் ஆள் ஏற்றவரும் ஒரே வான் வண்டியில் போய்ப் பின்னேரம் ஒரே வானில் திரும்புவார்கள். இருவருக்கும் பொதுவாக இருந்த ஆங்கிலம் பெட்டி, லிஃப்ட், பிறேக், ஓவர்டைம் என்ற அளவோடு முடிந்துவிடும். அதற்குமேல் கதைக்க நானும் லூசியாவும் வேண்டும். அவள் ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவருவாள், நான் தமிழுக்குக் கொண்டுபோவேன். வழியில் என்னென்ன கொட்டுப்பட்டதோ கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா, உங்கட ஊர் எப்பிடி என்று கேட்டார். தோமாஸ் அங்கிள் வாயால் சொல்லவில்லை. என் கட்டிலில் கிடந்த தடித்த போர்வையை எடுத்துவந்து நிலத்தில் போட்டு, முழந்தாளில் இருந்து, இரண்டு கைகளாலும் மடித்து மடித்து மலையாக்கினார். அதுதான் அவருடைய ஊரும் சுற்றுப்புறமும். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் காகம் பறந்தால் கொஞ்ச நேரம், மனிதன் நடந்தால் ஒரு பகல். மடிப்புக்குள்ளே அடியில் ஆறு. அங்கே ஒரே வெக்கை, கரும்பும் வாழையும் நிற்கும். நடுச்சரிவில் மரநிழலில் கோப்பி. உச்சியில் பைன் காடு, செம்மறி, உருளைக்கிழங்கு, மத்தியானத்திலும் விலகாத பனிப்புகார். காலையில் கம்பளிச் சட்டையோடு மேலேயிருந்து புறப்படுகிறவன் ஆற்றடிக்கு வரும்போது வெறும் மேலோடு நிற்பான். சோளம் மட்டும் எல்லா இடமும் உண்டு. உழமுடியாது, மாடு உருண்டுவிடும். கூரான தடியால் குத்தி ஒவ்வொரு விதையாகப் போடுவார்கள்.

அம்மாவின் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து வைத்து, இது தேவாலயம் என்றார். அதைச் சுற்றித்தான் சந்தை. மேல்மலைக்காரர் கிழங்கைக் கொண்டுவந்து அடிமலைக்காரரிடம் வாழைக்குலைக்கு மாற்றிக்கொண்டு போவார்கள். கோப்பியை வாங்க லொறி வரும், விலையை லொறிக்காரன்தான் சொல்வான். அந்த விலை சீவியத்துக்குக் காணாது என்று இளந்தாரிகள் அமெரிக்காவுக்குப் போவார்கள். அவர்கள் அனுப்பும் காசில் மாடிவீடுகள் எழும்பும், குடியிருக்க ஆள் இருக்காது. மாரியில் மண் சரிந்தால் இருக்கிற ஒரே றோட்டும் போய்விடும்.

"எங்கட ஊர்க் கதைதான்" என்றார் அப்பா. பிறகு போர்வையை இன்னொருதரம் பார்த்துவிட்டு, "எண்டாலும் எங்கட ஊரில உயரமெண்டால் கோயில் கோபுரமும் தண்ணித் தாங்கியும்தான்" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தோமாஸ் அங்கிளுக்கு மலை அங்கிள் என்று பெயர்.

எனக்குப் பைத்தியமாகப் பிடித்தது அந்த மலையின் தொலைபேசிதான். அத்தனை சரிவுக்கும் சேர்த்து ஒரே ஒரு தொலைபேசி, தேவாலயத்துக்குப் பக்கத்துக் கடையில். அழைப்பு வந்தால் கடைக்காரி கூரையில் கட்டிய ஒலிபெருக்கியில் ஆளின் பெயரையும் எங்கேயிருந்து அழைப்பு என்பதையும் சொல்வாள். எதிர்மலையில் சோளம் முறிக்கிறவன் கேட்டுவிட்டு இறங்கி ஓடிவருவான். அழைப்பு எடுத்தவர் வைத்துவிட்டு அரை மணித்தியாலம் கழித்து மறுபடி எடுக்கவேண்டும். காஸ் லொறி வருவதும் செத்தவீடும்கூட அதில்தான் அறிவிப்பு. மலைகள் ஒவ்வொரு பெயரையும் வாங்கித் திரும்பத் திரும்பச் சொல்லுமாம். நானும் லூசியாவும் பேப்பரைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு அடுக்குமாடி நடைபாதையில் கத்துவோம். "டொன் தோமாஸ்! உங்களுக்கு அழைப்பு!" டொன் என்றால் அவர்களுடைய மொழியில் ஐயா. ஒருமுறை கட்டட மனேச்சர் வந்து எங்களைத் துரத்தினார்.

மலை அங்கிள் தன் மாமனாருக்கு எங்கள் போனிலிருந்துதான் எடுப்பார். அந்தக் கடையின் நம்பர் எங்கள் சுவரில் பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. எடுக்கும்போது கடைக்காரியிடம் தன் பெயரைச் சொல்லமாட்டார். தலைநகரத்திலிருந்து ஒரு சொந்தக்காரன் என்பார். உன்னுடைய அப்பா பொய் சொல்கிறார் என்று நான் லூசியாவிடம் சொன்னேன். "ஹீ ஹாஸ் ரு" என்றாள், சொல்லியே ஆகவேண்டுமாம். ஏன் என்று நான் கேட்கவில்லை.

விசாரணைக்குத் திகதி வந்ததும் அப்பா எங்கள் சாப்பாட்டு மேசையை நீதிமன்றமாக்கினார். கலியாணவீட்டு டையை எடுத்துக் கட்டிக்கொண்டு அவரே நீதிபதியாக உட்கார்ந்தார். "உவர் ஜட்ஜாய் இருந்தால் ஒருத்தருக்கும் கேஸ் தோற்காது, காது மட்டும்தான் போகும்" என்றார் அம்மா.

"முதலாவது, ஊரைப் பற்றி நல்லதாய் ஒரு சொல்லும் வரப்படாது, தம்பி. அவ்வளவு நல்ல ஊரெண்டால் ஏன் வந்தனீர் எண்டு கேப்பாங்கள்."

மலை அங்கிள் தலையாட்டினார். தொடங்கும்போது ஒழுங்காகத்தான் தொடங்குவார், இரண்டு வசனத்தில் கோப்பி பூத்திருக்கும் வாசத்துக்குப் போய்விடுவார். அப்பா மேசையில் தட்டுவார். பிறகு ஒருநாள் அங்கிள் நடந்ததைச் சொன்னார். துவக்கோடு சிலபேர் மலைக்கு வந்தார்கள். முதலில் பைன் மரங்களைத் தறித்துக்கொண்டு போனார்கள். அடுத்ததாகக் கோப்பி மூட்டைக்கு இவ்வளவு என்று பங்கு கேட்டார்கள். ஒருநாள் அமெரிக்காவிலிருந்து அவருடைய அண்ணன் போன் எடுத்தார். மறுநாள் அவர்கள் வாசலில் நின்றார்கள். அமெரிக்காவில் ஆள் இருக்கிறவனிடம் காசு இருக்கும், எடு என்றார்கள். இல்லை என்றபோது அங்கிளின் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். தம்பி திரும்பிவரவில்லை.

"அண்ணன் அமெரிக்காவில இருக்கிறது அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?" அப்பா நீதிபதிக் குரலில் கேட்டார்.

லூசியா மெதுவாகச் சொன்னாள். நான் துள்ளிக்கொண்டு தமிழில் கத்தினேன். "லவுட்ஸ்பீக்கர் அப்பா! லவுட்ஸ்பீக்கரில சொன்னதாம்!" எனக்குப் பிடித்த சாமான் வழக்குக்குள் வந்துவிட்ட சந்தோசம்.

"நல்ல பதில். உதை மறக்காமல் சொல்லும்" என்றார் அப்பா. அடுத்த கேள்வி, அவரே அஞ்சியிருந்த கேள்வி. "சரி, உம்மட நாட்டிலேயே வேற நகரத்துக்குப் போய் இருக்கலாமே?"

மலை அங்கிள் தன் கைகளைப் பார்த்தார். இருக்கலாம், ஆனால் எனக்குச் சரிவு மட்டும்தான் தெரியும் என்றார். தட்டையான இடத்தில் என்ன செய்து பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுவது என்று எனக்குத் தெரியாது என்றும் சொன்னார்.

அப்பா டையைக் கழற்றினார். "ஐயோ தம்பி, உது உண்மைதான், ஆனால் உது பதில் இல்லை. எங்களையும் கொழும்புக்குப் போகலாமே எண்டு கேட்டவங்கள். செக்பொயின்றில மறிச்சு ஐடென்டிற்றி காட்டைப் பாத்து யாழ்ப்பாணமெண்டு பிடிச்சுக்கொண்டு போவாங்கள் எண்டு சொன்னன். நம்பினாங்கள். உமக்கு அப்பிடி ஒண்டும் இல்லையே?"

இல்லை. நகரத்தில் அவரை மறித்து எவரும் எதுவும் கேட்கப்போவதில்லை. எவருக்கும் அவர் தேவையும் இல்லை. அப்பா வானிலும் வெயர்ஹவுஸிலும் சாப்பிடும்போதும் அந்தக் கேள்விக்கு ஒரு பதிலைத் தேடித் திரிந்தார். கிடைக்கவில்லை. விசாரணையில் அதே கேள்வி வந்தது, அங்கிள் அதே பதிலைச் சொன்னார். நீர் சொல்வதை நம்புகிறோம், ஆனால் உம்முடைய நாட்டில் வேறு நகரங்கள் இருக்கின்றன என்று முடிவு வந்தது.

"கோதாரி விழுவார்! நம்பாமல் அனுப்பினாலும் பரவாயில்லை, நம்பிக்கொண்டெல்லோ அனுப்புறாங்கள்!" என்று அப்பா கத்தியது கட்டடம் முழுக்கக் கேட்டது. பிறகு கதிரையில் இருந்து, "நான்தான் சரியாச் சொல்லிக் குடுக்கேல்லை" என்றார்.

எனக்கோ பொறாமை. ஆறும் புகாரும் ஒலிபெருக்கியும் லூசியாவுக்கு, எனக்கு மட்டும் கென்னடி றோட்டும் பழுதான லிஃப்டும். போகிற அன்று லூசியாவிடம், "யூ ஆர் ஸோ லக்கி" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். சூட்கேஸோடு லிஃப்டுக்குள் போய்விட்டாள். சரியான திமிர் பிடித்தவள் என்று நினைத்தேன்.

அதன்பிறகு நகரத்திலிருந்து ஒரேயொரு முறை போன் எடுத்தாள். என் அப்பாவுக்கு வேலை இல்லை, ஒரு அறைக்குள் இரண்டு குடும்பம், வாடகை கட்ட வழியில்லை, கோப்பி ஆய்கிற காலத்துக்கு மலைக்கே திரும்புகிறோம், அம்மாவின் அப்பாவுடைய தோட்டத்தில் சத்தமில்லாமல் இருந்துகொள்வோம் என்றாள். நான் அப்பாவிடம், "அவை மலைக்குப் போகினமாம்!" என்றேன், ஏதோ பரிசு விழுந்ததுபோல. 

பனிக்காலம் முழுக்க ஒரு சொல்லும் வரவில்லை. வானில் தனக்குப் பக்கத்து இருக்கையில் அப்பா வேறு எவரையும் இருக்கவிடவில்லை என்று அவரோடு வேலைக்குப் போனவர்கள் சொன்னார்கள். கடைசியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம், குறிப்பிட்ட நிமிடங்களுக்கு வெளிநாட்டோடு கதைக்கும் போன் காட் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார்.

"இஞ்சாருங்கோ, கொஞ்சம் பொறுங்கோ" என்றார் அம்மா.

"என்னத்தைப் பொறுக்கிறது? உயிரோட இருக்கிறானோ எண்டு கேக்கவும் கூடாதே?"

சுவரிலிருந்த நம்பரை நான் வாசித்தேன், அப்பா அழுத்தினார். அங்கே மணி போனது. ஒரு பெண்குரல். அப்பா எழுந்து நின்றார். அவர் ஊருக்கு எடுக்கும்போது எப்போதும் நிற்பார்.

"கனடா!" என்று கத்தினார். "கனடா! தோமாஸ்! தோமாஸ்! கனடா!"

அந்தப் பெண் ஏதோ சந்தோசமாகச் சொன்னாள். தொலைபேசியைத் துண்டிக்காமல் மேசையில் வைக்கும் சத்தம், காலடிச் சத்தம், ஒரு கரகரப்பு. பிறகு, ஐயோ, நான் இத்தனை மாதம் காத்திருந்த சத்தம். பேப்பர்க் குழாயில் நாங்கள் கத்திய அதே பெயர், தூரத்தில், பெரிதாக. டொன் தோமாஸ், கனடாவிலிருந்து அழைப்பு. ஒரு மலை அதை வாங்கிச் சொன்னது. பிறகு இன்னொன்று. கனடா, கனடா, கனடா.

நான் கைதட்டினேன். நிமிர்ந்து பார்த்தபோது அப்பாவின் முகம் மாறியிருந்தது. "கடவுளே" என்றார். அவர் அவ்வளவு மெதுவாகக் கதைத்து நான் அதற்குமுன் கேட்டதில்லை. "கடவுளே, நான் என்ன வேலை செய்துபோட்டன்."

அந்தப் பெண் திரும்பிவந்து ஏதோ சொன்னாள். அப்பா, "நோ! நோ கனடா! றோங் நம்பர்! நோ கனடா!" என்று கெஞ்சினார். அவளுக்கு அதில் ஒரு சொல்தான் விளங்கியது. காலடிச் சத்தம் மறுபடி ஒலிபெருக்கிப் பக்கம் போனது. கனடா, கனடா என்று மலைகள் மறுபடியும் சொல்லத் தொடங்கின. அப்பா தொலைபேசியை வைத்துவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

அந்த அழைப்பைக் கேட்டு அங்கிளைத் தேடி யார் யார் போனார்கள், அவர் அப்போது அங்கே இருந்தாரா, இல்லையா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அவர்களிடமிருந்து பிறகு எதுவும் வரவில்லை. சுவரிலிருந்த நம்பரை அம்மா அன்றைக்கே அழித்தார். அப்பா அதற்குப் பிறகு எவருக்கும் நீதிபதியாக உட்காரவில்லை, தொலைபேசியில் கத்தவும் இல்லை. ஊரில் பெரியப்பாவுக்குத்தான் அவர் குரல் விளங்காமல் போனது.

ஆனால் அன்றைக்கு எனக்கு இதொன்றும் தெரியாது. அரை மணித்தியாலம் ஆனதும், "அப்பா, இப்ப எடுங்கோ, அங்கிள் இறங்கி வந்திருப்பார்" என்றேன். அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அப்பா ஏன் அழுகிறார் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"காட் முடிஞ்சு போச்சு, பிள்ளை" என்றார் அம்மா.

நான் நம்பினேன். அறைக்குள் ஓடிப்போய் என்னுடைய உண்டியலை எடுத்துவந்து அப்பாவின் மடியில் வைத்தேன். "இதில இன்னொண்டு வாங்கலாம், அப்பா" என்றேன். "இந்த முறை இன்னும் பெலத்துக் கத்துங்கோ."